பக்கத்து சீட்டு வரதராஜுலு

வாலாஜாபாத் வரதராஜுலு போன ஆவணியில் போய்ச் சேர்ந்தார். அவருடைய டிரைவர் லைசென்ஸைக் காஞ்சிபுரம் கோர்ட்டு பறித்துவிட்டது என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். கோர்ட்டு பாவம், அது என்ன செய்யும்? பறித்தது நான். சேரப்பணஞ்சேரி பலராமன். அதை எழுதி வைத்துவிட்டால் கொஞ்சம் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் எழுதத்தான் வேண்டும்.

கார் என்றால் அந்த மனிதருக்கு அப்படி ஒரு பைத்தியம். பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறி, தண்ணீர் ஊற்றி, டயர் கழற்றி, திட்டு வாங்கி, இருபத்தெட்டாவது வயதில்தான் லைசென்ஸ் கைக்கு வந்ததாம். அதை ஒரு தகர டப்பாவில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். வியர்வை பட்டுவிடக் கூடாதாம். கட்டின பெண்டாட்டியை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவர்களை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

அப்புறம் மெட்ராஸில் ஒரு வாடகைக் கார் கம்பெனியில் சேர்ந்தார். காஞ்சிபுரம் கோயில்களைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களில் சிலர், தங்கள் ஊர் லைசென்ஸைக் காட்டி, "நாங்களே ஓட்டிக்கொண்டு போகிறோம்" என்பார்கள். கம்பெனி வண்டியைக் கொடுக்கும். ஆனால் பக்கத்து சீட்டில் கம்பெனி ஆள் ஒருவர் உட்கார்ந்து வர வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த கட்டளை. அந்தப் பக்கத்து சீட்டுக்கு வரதராஜுலுவை விட்டால் ஆள் கிடையாது.

காரணம், நம் ரோட்டை எப்படி ஓட்டுவது என்று அவர் பாடமே வைத்திருந்தார். தாம்பரம் தாண்டுவதற்குள் முழுப் பாடமும் முடிந்துவிடும். முதலில் இடது பக்கம், அதை ஐந்து தரம் சொல்வார். எதிரே வருகிறவன் விளக்கைப் போட்டு அணைத்தால் "நீ போ" என்று அர்த்தம் இல்லை, "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று அர்த்தம். முன்னால் போகும் லாரிக்காரன் கையை வெளியே விட்டு ஆட்டினால் தாண்டலாம், ஆட்டாவிட்டால் அவன் பின்னாலேயே போக வேண்டியதுதான். மாட்டுக்கு ஹாரன் அடித்துப் பயனில்லை. நாய் ஓடும், மாடு ஓடாது. எல்லாம் அவருடைய சொந்த இங்கிலீஷில்: "டாக் ரன், கௌ நோ ரன், ஹென் வெரி டேஞ்சர்." கோழி ஏன் டேஞ்சர் என்றால், கோழி மேல் ஏற்றினால் ஊரே வந்து காரைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே கடைசிப் பாடம் இது: ரோட்டில் கிராமத்துக்காரன் பொருள் எது கிடந்தாலும் அதன் மேல் ஏற்றாதே. ஒதுங்கிப் போ.

அந்தக் கடைசிப் பாடம்தான் எங்கள் தலையில் விடிந்தது.

எங்கள் பக்கம் மாசி மாதம் கொள்ளு அறுப்பு. செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டின் ஒரு பாதியில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் போனால் மதியத்துக்குள் நெற்று வெடித்து மணி தனியாக வந்துவிடும். மாடு கட்டி மிதிக்க வைக்கிற வேலை மிச்சம். சர்க்கார் எங்களுக்காகவே களம் போட்டுக் கொடுத்த மாதிரிதான் நினைப்பு. உள்ளூர் டிரைவர் எவனும் கொள்ளைக் கண்டு ஒதுங்க மாட்டான், அவனும் ஒரு கொள்ளுக்காரன் வீட்டுப் பிள்ளைதானே. ஆனாலும் ஒன்றிரண்டு வண்டி காலியாக இருக்கும் பாதி ரோட்டில் நழுவிப் போய்விடும். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். காலிப் பாதியில் ஒரு பெரிய கல்லைப் போட்டுவிடுவோம். கல்லைக் கண்டவன் கொள்ளின் மேல் ஏறித்தானே ஆக வேண்டும்?

எழுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் அந்தக் கல்லைப் போட்டவன் நான். எனக்கு இருபது வயது. அக்கா செங்கமலம் எதிர் ஓரத்தில் நின்று முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோ நடுவுல எதுக்குடா? கொஞ்சம் ஓரமா வெய்யி" என்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு" என்றேன். அந்தப் பங்குனியில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது.

வரதராஜுலுவின் கார் பத்து மணி வாக்கில் படப்பைப் பக்கமிருந்து வந்தது. ஸ்டீயரிங்கில் ஒரு ஜெர்மன்காரர். பக்கத்து சீட்டில் வரதராஜுலு. செடிக்கட்டோடு வரப்பில் நின்ற நான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். கொள்ளு கிடப்பதைக் கண்டதும் அந்த ஜெர்மன்காரர், பாடம் சொன்னபடி, கிராமத்துக்காரன் பொருள் என்று மரியாதையாக ஒதுங்கினார். காலிப் பாதிக்கு வந்ததும் எதிரே என் கல். இன்னும் வலப்பக்கம் ஒடித்தார். அங்கே என் அக்கா.

சத்தம் பெரிதாக இல்லை. முறம் மட்டும் பறந்து போய் விழுந்தது.

நான் ஓடினேன். எங்கே ஓடினேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கல்லிடம் ஓடினேன். போலீஸ் வரும், கல் யார் வைத்தது என்று கேட்பார்கள் என்ற ஒரே எண்ணம். அதை உருட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் அக்காவிடம் போனேன். அவள் கண் மூடிக் கிடந்தாள். இடது முழங்கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. ஜெர்மன்காரர் முட்டி போட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வரதராஜுலு அசையாமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் நிலத்தில் இருந்தவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். "எவன்டா ஓட்டினவன்?" என்று ஒரே கூச்சல். கையில் அரிவாள் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். வரதராஜுலு அந்த வெள்ளைக்காரருக்கு முன்னால் வந்து நின்று, "நான்தாம்பா ஓட்டினேன். அடிக்கிறதுன்னா என்னிய அடிங்க. அவரு விருந்தாளி" என்றார்.

அடித்தார்கள். நானும் ஒரு அடி அடித்தேன். உண்மை தெரிந்தவன் அடித்த அடி அது ஒன்றுதான்.

ஜெர்மன்காரருக்கு நடப்பது அரைகுறையாகப் புரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் குத்திக் குத்தித் தன்னையே காட்டினார். எங்கள் பக்கத்து வீட்டுக் கனகம், "ஐயோ பாவம், அந்த ஆளுக்கு நெஞ்சு வலி போல கீது, தண்ணி குடுங்கடா" என்றாள். யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயில் ஊற்றினார்கள்.

அப்புறம் அக்காவை அதே காரில் ஏற்றி, உதடு கிழிந்த வாயோடு வரதராஜுலுதான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஊரே பார்த்தது அதைத்தான். அன்று சாயங்காலம் போலீஸ்காரர் அந்தத் தகர டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார். ஜெர்மன்காரரைக் கம்பெனி வேறு வண்டியில் கூட்டிக்கொண்டு போய் அந்த வாரமே விமானம் ஏற்றிவிட்டது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பத்து மாதம் கழித்து வழக்கு வந்தது. அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கோர்ட்டில் வரதராஜுலு நடந்ததைச் சொன்னார். ஓட்டியவர் அந்த விருந்தாளி, கூட்டத்தின் அடியிலிருந்து அவரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்றார். கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருடைய வக்கீல் நல்ல ஒரு கேள்வி கேட்டார்: "கொள்ளைக் கண்டு ஒதுங்குகிற டிரைவர் இந்த ஜில்லாவில் ஒருத்தன் உண்டா? ஒதுங்கினார் என்றாலே ஓட்டியவர் வெளியூர்க்காரர் என்று தெரியவில்லையா?" மாஜிஸ்ட்ரேட்டே சிரித்துவிட்டார். அவர் மனது சாய்வது எனக்குத் தெரிந்தது.

அக்காவைக் கேட்டார்கள். முதுகைக் காட்டி நின்றேன், ஓட்டினது யாரென்று பார்க்கவில்லை என்றாள். மிச்சம் நான். கூண்டில் ஏறினேன்.

"நீ நேரில் பார்த்தவன். யார் ஓட்டினது?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

வெள்ளைக்காரர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கொள்ளைக் கண்டு ஒதுங்கினார் சரி, பாதி ரோடு காலியாகத்தானே இருந்தது, அதையும் தாண்டி ஏன் ஓரத்துக்குப் போனார்? கையை நீட்டினேன். "இவருதாங்க" என்றேன். "பேச்சு சுவாரஸ்யத்துல திரும்பிட்டாருங்க."

வரதராஜுலு தலையைக் குனிந்துகொண்டார். அன்றோடு அவர் லைசென்ஸ் போனது.

எண்பத்திரண்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் ஷிப்டுக்குப் போனால், கேட்டில் காக்கி உடுப்பில் வாட்ச்மேனாக நிற்கிறார் வரதராஜுலு. என் கார்டை வாங்கிப் பெயரைப் பார்த்தார். "உள்ள போ" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நான் தைரியமாக இருந்திருப்பேன். இரண்டு வருஷம் தலையைக் குனிந்துகொண்டே அந்த கேட்டைத் தாண்டினேன். ரிவர்ஸில் வரும் லாரிக்குப் பின்னால் நின்று "வா, வா, வா, ஹோல்டான்" என்று கையைக் காட்டிக்கொண்டிருப்பார். பிறத்தியார் வண்டிக்கு வழி சொல்வதே அவருக்கு வாழ்க்கையாகிவிட்டது.

எண்பத்து நான்கு மாசியில் ஒரு சனிக்கிழமை மதியம், ஷிப்டு முடிந்து வெளியே வருகிறேன். மெஷின் பார்க்க வந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர், வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கேட்டில் நின்றிருந்தார். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகிறாராம். வரதராஜுலு குனிந்து ஜன்னலுக்குள் தலையை விட்டு, அவருடைய பழைய இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார்: "சார், ரோடு மேலே டிரை பிளான்ட், கோ ஆன் டாப். நோ டர்ன். பீப்புள் ஹேப்பி. நோ டர்ன், சார்." இரண்டு தரம் சொன்னார். கார் போன பிறகும் அது போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிட்டப் போய், "அண்ணே, அன்னிக்குக் கல்லு வெச்சவன் நான்தான்" என்றேன்.

"தெரியும். நீ அத்த உருட்டினு போனத பாத்தேனே."

"அப்ப கோர்ட்டுல ஏன்ணே சொல்லல?"

"அந்தப் பொண்ணு காலு போயி கெடக்குது. தம்பியும் உள்ள போனா அத்த யாரு பாக்கறது? கல்ல வுடு. ஓட்டினது யாருன்னு மட்டும் நீ சொல்லிடுவேன்னு இருந்தேன். நீ கூண்டுல ஏறினப்ப உன் வாயையே பாத்துனு இருந்தேன்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்ப சொல்றேண்ணே. எந்த ஆபீஸுல வேணாலும் வந்து சொல்றேன். லைசென்ஸ் திரும்பி வந்தா..."

"இன்னா பண்றது அத்த வெச்சிகினு? கண்ணுல பொரை வுழுந்துடுச்சி. லாரி நம்பரையே கிட்ட போயி நின்னாத்தான் படிக்க முடியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு எங்கிட்டயும் கீது. அந்த ஆளுக்கு நூறு சொன்னேன், கொள்ளு மேல ஏத்துன்னு சொல்லல. நமக்கெல்லாம் தெரிஞ்சதாச்சே, அவருக்கும் தெரியும்னு இருந்துட்டேன்." அப்புறம், "உங்க ஊருல இன்னும் கல்லு வெக்கிறாங்களா?" என்று கேட்டார்.

நான் வைப்பதில்லை. ஆனால் பக்கத்து நிலத்துத் தாண்டவராயன் வைக்கிற கல், எங்கள் கொள்ளுக்கும் சேர்த்தே வேலை செய்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். "வெக்கிறாங்கண்ணே" என்றேன்.

"போயி அத எடு" என்றார். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் போனேன். கொள்ளு பரப்பியிருந்தது, கல் நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. குனிந்து உருட்ட ஆரம்பித்தேன். தாண்டவராயன் எதிர்ப்பக்கத்திலிருந்து, "இன்னாடா பண்ற? வண்டியெல்லாம் அந்தப் பக்கமா போயிட்டா கொள்ளு எப்படிடா பிரியும்?" என்று கத்தினார். முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோலை ஊன்றி ஊன்றி அக்கா வந்தாள். பக்கத்தில் நின்று நான் உருட்டுவதைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான்டா உருட்டினு போன" என்றாள். "நான் பாத்துனுதான் கெடந்தேன். அப்பறந்தான் கண்ண மூடினேன்."

கல்லைப் பள்ளத்தில் தள்ளினேன்.

"என்னத் தூக்கி வுட்டுட்டு அப்பறமா உருட்டி இருக்கலாம், தம்பி" என்றாள்.