நாற்பதாம் நாள் ஒத்திகை

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நாற்பது பாடகர்கள் சாட்சி இருக்கிறார்கள். அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர் ஓபராவில் முப்பத்தொரு வருஷம் இசை நடத்துநராக இருந்தவர் கிரும் வெல்கோவ். இடது கைக்காரர். சோஃபியாவில் படித்தபோது அந்தக் கையை நாற்காலியோடு கட்டிப்போட்டார்களாம். மனிதர் மசியவில்லை. கடைசிவரை இசை நடத்தும் கோலை இடது கையில்தான் பிடித்தார். அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு என்னைப் போட்டுப் பார்த்தார்கள். ஒத்திகையில் சொதப்பினால் வேலை கிடையாது.

அந்த ஒத்திகையன்று அவர் இறந்து நாற்பதாம் நாள்; எங்கள் வழக்கப்படி இறந்தவருக்குப் படைக்கும் நாள். பாடகர்களைப் பழக்கும் யோர்தான்கா, வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவிக் கொண்டுவந்திருந்தாள். ஒத்திகையை நிறுத்திவிட்டு எல்லோரும் அவர் பேரில் ஒரு வாய் சாப்பிடலாம் என்றாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. என்னை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

மாலை 4.17. மூன்றாம் அங்கம். பாடகர்கள் மேடைக்குப் பின்னால் நிற்பார்கள். அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாது. என் எதிரே இருட்டில் ஒரு பெட்டிக்குள் உள்ள கேமரா, அவர்கள் முன்னால் உள்ள திரையில் என்னைக் காட்டும். அதைப் பார்த்துத்தான் பாடுவார்கள்.

பாடகர்கள் தொடங்க வேண்டிய இடம் வந்தது. திடீரென்று கோல் பிடித்த என் வலது கை மரத்துப்போனது... தூக்க முடியவில்லை.

வாத்தியக்காரர்கள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தார்கள்.

நான் சைகை கொடுக்கவில்லை...

மேடைக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. மிகச் சரியாக.

இடைவேளையில், பாடகர்களோடு நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த யோர்தான்கா வந்தாள்.

"சைகை நல்லாத்தான் காட்டின தம்பி. ஆனா ஏன் இடது கையால?"

என்னைக் குழப்பி விரட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இடது கையா என்று பாடகர்களில் நாலு பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். நாலு பேரும் தலையை இடவலமாக ஆட்டினார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

கேமராப் பதிவைக் காட்டி அவள் குட்டை உடைக்கலாம் என்று மின்வேலை பார்க்கும் பென்கோவிடம் போனேன். மணி 4.40. அந்தக் கேமரா அவர் மேஜையில் பிரித்துக் கிடந்தது.

"எப்பக் கழட்டினீங்கண்ணே?"

"காலைல பத்து மணிக்கு. யோர்தான்காகிட்ட சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."



திரும்பி வந்து அந்தக் கோதுமையை ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

வேலை எனக்கே கிடைத்தது. ஆறு வருஷம் ஆகிறது. இன்றும் அந்த இடம் வரும்போது என் கையைக் கீழே போட்டுவிடுகிறேன்.

பாடகர்கள் ஒருமுறைகூடத் தவறியதில்லை.