துரை வீட்டு ரப்பர் தொட்டி

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எங்கள் தேயிலை எஸ்டேட் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், மூணாறு போகும் ரோட்டுக்கு மேலே இருந்தது. நான் பேக்டரியில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர். என் மனைவி கொழுந்து எடுப்பவள். பதினாறு வயதில் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயர் பதிந்தவள். அந்த வருஷம் அவளுடைய விரல்கள் மடங்க மறுத்துவிட்டன.

வாதம் என்றார் டிஸ்பென்சரியின் மலையாளி டாக்டர். முதலில் மாத்திரை கொடுத்தார், பிறகு லீவு கொடுத்தார், கடைசியில் ஒரு கெடுவும் கொடுத்தார். லீவு முடிகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து இரண்டு கையையும் மடக்கிக் காட்ட வேண்டும். மடக்கினால் மறுநாள் வேலைக்குப் போகலாம். முடியாவிட்டால் செக்ரோலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் வெட்டுப்பட்டவர்கள் யாரும் திரும்பச் சேர்ந்ததாக எங்கள் டிவிஷனில் சரித்திரம் கிடையாது.

"போனாப் போகுது, நான் ஒருத்தன் சம்பாதிக்கிறது போதாதா?" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"பகல் பூரா வீட்ல உக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைய விரல் வளையவில்லை என்பது எனக்குத் தட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். நான் அதை மறுத்ததில்லை. மறுக்கப் போனாலே கோபம் வந்துவிடும். அந்த மாதங்களில் டாக்டர் மேல், மழை மேல், மருந்து மேல் என்று எல்லாவற்றின் மேலும் கோபமாக இருந்தேன். பயந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதைவிட அது சுலபம்.

வெந்நீரில் ஊறினால் விரல் இளகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையை மட்டும் முக்கினால் போதாது, தோள் வரைக்கும், முடிந்தால் கழுத்து வரைக்கும் ஊற வேண்டும், தினமும் அரை மணி நேரம். சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஒரு ஆள் கழுத்து வரைக்கும் உட்காருகிற பாத்திரம் வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்தில் யார் வீட்டில் இருக்கிறது? கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டாகூடப் பத்தாது.

அந்தச் சமயத்தில் பெரிய பங்களாவிலிருந்த வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சாமான்களை வராந்தாவில் பரப்பி வைத்து விற்றார்கள். நான் ஜெனரேட்டர் பார்க்கப் போனவன், மேஜை நாற்காலிகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் மடித்துக் கிடந்த ஒன்றைப் பார்த்தேன். கூடாரத் துணியாக்கும் என்று நினைத்தேன். பட்லர்தான் அதை விரித்துக் காட்டினார்.

"குளிக்கிற தொட்டி, பிட்டரே. பம்ப வச்சு காத்தடிச்சா எழுந்து நிக்கும். துரைசானிக்கு இடுப்பு வலி. மணிக்கணக்கா வெந்நில கெடப்பாங்க."

கனத்த ரப்பர். சுற்றுச்சுவர் இரட்டையாக, உள்ளே காற்று நிற்கிற மாதிரி. அடியில் தண்ணீர் திறந்துவிட ஒரு மூடி. சுவரும் அடியும் சேருகிற இடத்தில் ஒட்டு. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பட்லர் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: "பச்சத்தண்ணிய முதல்ல ஊத்தணும். அதுக்கு மேலதான் வெந்நி. கொதிக்கிறத நேரா ஊத்துனா ஒட்டு விட்டுப்போகும்."

நான் பிட்டர். ரப்பரைப் பற்றி எனக்கு ஒரு பட்லர் பாடம் எடுப்பதா என்று தோன்றியது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தி வைத்தால்தான் முன்னறையில் தொட்டிக்கு இடம் கிடைத்தது. சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். அது எழுந்து நின்றபோது என் மனைவி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதுல தண்ணிய ரொப்பி, அதுக்குள்ள நான் உக்காரணுமா? நம்ம அழுக்கு நம்ம மேலயே ஊறுறதுக்கா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் மொண்டு ஊற்றிக் குளிக்கிறவர்கள். உடம்பில் பட்ட தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடிவிட வேண்டும். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். முதலில் அடுப்படி ஓரத்தில் வழக்கம்போல் ஒரு குளியல். அப்புறம் சுத்தமான உடம்போடு தொட்டியில் ஊறல். ஆக ஒரு ஆளுக்கு இரண்டு குளியல். தண்ணீரும் இரண்டு மடங்கு.

அங்கேதான் சிக்கல். எங்கள் லயத்தில் எட்டு வீட்டுக்கு ஒரே பைப்பு. மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுப் பெண் பைப்படியில் என் குடத்தைக் காலால் நகர்த்தி வைத்தாள். என் மனைவியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள் அவள். என் மனைவியை மதினி என்பாள், என்னை அண்ணே என்பாள்.

"ஒரு ஆளு குளிக்க இருபது குடமா அண்ணே? துரைசானியம்மா இன்னும் சீமைக்குப் போகலையாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து கீழே ஓடையிலிருந்துதான் தண்ணீர் சுமந்தேன். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். ஏழெட்டு நடை, பிறகு கவாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை அடுப்பில் வைத்து அரை டிரம் தண்ணீரைக் கொதிக்க வைப்பேன். தொட்டியை யாரையும் தொட விடமாட்டேன். நிரப்புவது நான், காற்றைப் பார்ப்பது நான், ஒட்டைத் தடவிப் பார்ப்பதும் நான். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுவேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆனால் பலன் இருந்தது. இரண்டாவது வாரம் அவள் தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "இந்தாங்க, பாருங்க" என்றாள். ஆவிக்குள் அந்தக் கை பாதி மூடியிருந்தது. அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போனேன். ஆனால் தொட்டியை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் குளிர்பட்டால் விரல்கள் பழையபடி விறைத்துவிடும். அதனால் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று கணக்குப் போட்டோம். இன்னும் எட்டு நாள், இன்னும் ஐந்து நாள்.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை பேக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலரின் பல்சக்கரம் உடைந்தது. வதங்கின கொழுந்து மலைபோல் கிடக்கிறது. சரிசெய்யாமல் பிட்டர் வீட்டுக்குப் போக முடியாது. இரண்டு மணி போய் மூன்று, நான்கு என்று ஆனது. கை வேலை பார்த்தது, மனசு அடுப்பில் இருந்தது. ஐந்து மணிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

எங்கள் வாசல்படியில் தண்ணீர் வழிந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

உள்ளே தொட்டி காற்றுப் போய்ச் சப்பையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் விளக்குமாற்றால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். என் மனைவி அடுப்படி ஓரத்தில் முதல் குளியலை முடித்துவிட்டு, ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"என்ன செஞ்ச?" என்றேன்.

"உங்களக் காணோமேன்னு மதினி தவிச்சாக, அண்ணே. சரி, நான் விளாவி வைக்கிறேன்னு வந்தேன். வெந்நிய ஊத்திட்டு பச்சத்தண்ணிக் குடத்த எடுக்கப் போனேன். திரும்புறதுக்குள்ள ஒட்டு விட்டுருச்சு."

மூன்று வாரப் பயம் முழுவதும் அவள் தலையில் இறங்கியது. "உனக்கு முதல்ல இருந்தே எரிச்சல். தண்ணி போகுதேன்னு எரிச்சல். வேணும்னேதான் செஞ்ச!" என்று கத்தினேன். எட்டு வீட்டுக் கதவும் திறந்தன. இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து வெளியே போனாள். அவள் மெதுவாக நடந்ததைக்கூட நான் திமிர் என்று நினைத்தேன்.

என் மனைவி கேட்டாள்: "வெந்நிய ஊத்தித்தான பச்சத்தண்ணிய விளாவுவோம்? எந்த வீட்ல மாத்தி ஊத்துறாக? இதுக்கு மாத்தி ஊத்தணும்னு நீங்க அவகிட்ட சொன்னீங்களா? எங்கிட்டயாவது சொன்னீங்களா?"

நான் குனிந்து, விட்டுப்போன ஒட்டைத் தடவிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டுப் போட்டேன். டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன்தான் இருந்தது. அந்த ஈரக்காற்றில் அது காய்வதாக இல்லை. பேக்டரிக்குத் தூக்கிக்கொண்டு போய், டிரையர் பக்கத்தில் சூடு அளவாக வருகிற இடம் பார்த்துத் தொங்கவிட்டு, சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றும் ஊறல் இல்லை. என் மனைவியின் கை மறுபடி மரக்கட்டையாகிவிட்டது.

திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு மறுபடி காற்றடித்தேன். பச்சைத் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு குமிழி வந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு தரையில் முட்டி போட்டேன். அவள் உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள், நான் ஒரு மணி நேரம் விரலை எடுக்கவில்லை. எட்டரை மணிக்கு அவள் விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. கம்பளியைச் சுற்றி, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கையில் கொடுத்து, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வரவில்லை. ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, ஜீப் மாட்டிக்கொண்டது என்றார் கம்பவுண்டர். ஒன்பதரை ஆனது. உப்பு மூட்டை ஆறியது. திறந்த வராந்தாவில் சாரல் அடித்தது. என் மனைவி ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் முதலில் நின்றுபோனது. அடுத்து மோதிர விரல். "போச்சுங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவள் இரண்டு கையையும் பிடித்து என் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். அத்தனை பேர் பார்த்தார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் வெளியிடத்தில் அவள் கையைத் தொட்டதில்லை. அப்போது எனக்கு வெட்கமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு ஒற்றையடிப்பாதையில் யாரோ நொண்டிக்கொண்டு ஏறி வருவது தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண். அந்த நேரத்தில் அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டியவள். கையில் சாக்கு சுற்றிய தூக்குச்சட்டி. டாக்டர் ஜீப் வரவில்லை என்று மலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடையைப் போட்டுவிட்டு லயத்துக்கு இறங்கி வெந்நீர் போட்டிருக்கிறாள். பெஞ்சில் சட்டியை வைத்து மூடியைத் திறந்தாள். ஆவி எழும்பியது.

"கைய விடுங்க, மதினி. நான் பதம் பாத்துட்டேன்."

என்னை அவள் பார்க்கவில்லை. சட்டிக்குள் இருந்த கைகளை அவளே நீவிவிட்டாள். கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது.

டாக்டர் மடக்கு என்றார், மடக்கினாள். நிமிர்த்து என்றார், நிமிர்த்தினாள். கடைசியில் தன் பேனாவை நீட்டி, கொழுந்து கிள்ளுகிற மாதிரி எடு என்றார். அவர் பிடியை விடுவதற்குள் அவள் பிடுங்கிவிட்டாள். "மதி, மதி. போதும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவள் பெயர் வெட்டுப்படவில்லை.

நாங்கள் திரும்பும்போதுதான் டாக்டர் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணின் காலைப் பார்த்தார். கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் பேனா மை தடவி நீலமாக இருந்தது. அதற்குள்ளிருந்து கொப்புளங்கள் புடைத்திருந்தன.

"இதெந்தா? எப்போ பட்டது?"

"சனிக்கெழம, சார். அடுப்படியில வெந்நி கொட்டிருச்சு."

அப்போதும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. என் மனைவி திரும்பினாள்.

மறுநாள் காலை மழையில் இருவரும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். காலில் டாக்டர் வைத்த கட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் முன்னால் போனாள். என் மனைவி பின்னால் போனாள். இதற்குத்தானா இவ்வளவு பாடுபட்டேன், இந்தக் கையைத் திரும்ப இதே குளிரில் அனுப்பவா என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஆனால் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். நான் ஜெயித்துக் கொடுத்தது அவளுக்கு வேண்டியதைத்தான். அது எனக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பேக்டரியில் நாள் முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் முறத்தோடு வெளியே வந்து என்ன என்பதுபோல் பார்த்தாள். சேர்த்து வைத்த ஒன்றும் வாயில் வரவில்லை.

"பச்சத்தண்ணிய முதல்ல ஊத்தணும்" என்றேன். "அதுக்கு மேலதான் வெந்நி."

முறத்தை வாசல்படியில் இறக்கி வைத்தாள்.

"அத முதல்லயே சொல்லிருந்தா என்ன, அண்ணே?" என்றாள்.