மூன்று வாரத்தில் போக வேண்டிய இடத்துக்கு நான்கு மாதம் கழித்து

2008 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் பக்கம் பத்து கிலோமீட்டர் போய் வந்த கதை இது. இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்காதீர்கள். பிள்ளையின் முன்பல்லுக்காக இப்படிக் கிளம்பப் போகிறவர்கள் படிக்கட்டும்.

என் மகள் ஆஃப்ரீனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் விழுந்து மேல் முன்பல் உடைந்து, சில மாதத்தில் ஈறில் சீழ் கட்டியது. ஏப்ரலில் பல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். உள்ளே செத்துப்போன பல், வேரும் முழுதாக வளரவில்லை, நுனி திறந்தே இருக்கிறது என்றார். கிருமி சாக உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார். மூன்று வாரம் கழித்து வந்தால் வேர் நுனியிலிருந்து கொஞ்சம் ரத்தம் வரவைத்து மூடிவிடலாம், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே புதுத் திசு வளரும், வேரும் கெட்டிப்படலாம் என்றார். செத்த பல்லுக்குள் உயிரா என்று வாயைப் பிளந்தேன்.

நான்கே நாளில் வலி நின்றுவிட்டது. மறைமலை நகரில் கார் உதிரிபாகங்களைச் சோதிப்பது என் வேலை. புகார் வராத பாகத்தை மறுபடி எடுத்துப் பார்க்க மாட்டோம். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன், மடையன்! ஷிஃப்ட், ஓவர்டைம் என்று தேதி தள்ளிப்போனது. தற்காலிக அடைப்பு உதிர்ந்த பிறகுதான் மறுபடி கிளம்பினோம்.

காலை 8.40க்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பத்து ரூபாய். செம்பாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் போனது.

"இன்னா சார், பாப்பாக்குப் பல்லா? புடுங்கிப் போட்டா பேஜார் முடிஞ்சுது," என்றார் ஓட்டுநர்.

"சும்மா இருங்கண்ணா, பயப்படுறா," என்றேன்.

9.35க்கு கிளினிக். டாக்டரம்மா புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"வலி நின்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல சார். திரும்ப இன்ஃபெக்‌ஷன் ஆயிருக்கு. வேர் அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு. மறுபடி மருந்து வெச்சுப் பார்க்கலாம், ஆனா அப்போ இருந்த சான்ஸ் இப்போ இல்ல."

"வைங்க டாக்டர்," என்றேன்.

போகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே கிளம்புங்கள். கேம்ப் ரோடு சந்திப்பில் இறங்கிக் கிளினிக்குக்கு நடப்பதே மேல். பழைய எக்ஸ்ரேயை மறக்காதீர்கள். வலி இருக்கிறதோ இல்லையோ, சொன்ன தேதியில் போய்விடுங்கள்.

திரும்பும்போது ஆஃப்ரீன் என் கையைச் சுரண்டினாள். "அத்தா, என் மேலதானே தப்பு? வலிக்கலன்னு நான்தானே சொன்னேன்?"

"இல்லம்மா. தப்பு என்னுது."

தலையை ஆட்டினாள்.

"சரி. இனிமே வலிக்கலன்னாலும் வலிக்குதுன்னு சொல்றேன்."