தானியேலிடம் நான் கற்ற ஜெபம்

எங்கள் கேளம்பாக்கம் அடுக்குமாடியில் புதன்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். கடைசி ஜெபம் எப்போதும் என்னுடையது. எனக்குக் கனத்த குரல். மூச்சுப் பிடித்து நீளமாகப் பேசும் பழக்கமும் உண்டு. நான் ஆரம்பித்தால் சமையலறையில் காபியை இரண்டு முறை சூடு பண்ணுவார்கள்.

அந்த ஜெபத்தில் என் தங்கைக்கு நிரந்தர இடம் உண்டு. மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டவள் அவள். அவர் செதுக்குவதெல்லாம் பிள்ளையாரும் அம்மனும். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நாலு வருஷமாகப் பேசவும் இல்லை. ஆனால் ஒரு புதன்கூடத் தவறாமல், "ஆண்டவரே, அவளுடைய கடின இருதயத்தை இளகச் செய்யும்" என்று உருகுவேன். எல்லாரும் கண்ணை மூடியபடி உச்சுக்கொட்டுவார்கள். கடவுள் காதில் போடுகிற சாக்கில் குடும்ப விஷயத்தைப் பதினைந்து பேர் காதிலும் போட்டுவிடலாம் என்பது எங்கள் கூட்டத்தின் தனி வசதி.

இந்த வருஷம் போதகர், தானியேல் தீர்க்கதரிசியிடம் ஜெபிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். தானியேல் தினமும் மூன்று வேளை, எருசலேம் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து மண்டியிட்டவர். செல்போனில் திசை பார்த்தேன். எருசலேம் எங்கள் குளியலறைப் பக்கம் இருந்தது. விடுவேனா? வாளியை நகர்த்திவிட்டு அங்கேயே மண்டியிட்டேன். மூன்றாம் நாள் எதிர் ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டம்மாவின் குரல் வந்தது. "அண்ணாத்த, காலங்காத்தால இன்னா சத்தம்? கொழந்த தூங்கிகினு கீது."

ஜெபித்ததற்காகக் குகையில் தள்ளப்பட்ட தானியேலுக்குச் சிங்கங்கள், எனக்கு இந்தம்மா என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் தானியேலின் நீண்ட ஜெபத்தை வாசித்தோம். நீளம் என்பதாலேயே எனக்குப் பிடித்தது. பாதியில்தான் உறைத்தது. எதிரிகளே குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் திணறிய மனிதர், ஊரார் செய்த தப்பைச் சொல்லும்போது தன்னையும் குற்றவாளிகளோடு நிறுத்திக்கொள்கிறார். யாரையும் கடவுளிடம் போட்டுக்கொடுக்கவில்லை.

என் முறை வந்தது. "ஆண்டவரே, தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போகல. என் வீம்புதான்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. காபிக்கு இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. எனக்கு மயக்கமோ என்று ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

சனிக்கிழமை மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். தங்கையின் கணவர் பட்டறையில் இருந்தார். என்னைக் கண்டதும் உளியை வைத்துவிட்டு, பாதி செதுக்கிய பிள்ளையார்மேல் அவசரமாக ஒரு சாக்கை இழுத்துப் போர்த்தினார். என் மனம் கோணக்கூடாதாம். "வாங்க மச்சான், குந்துங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

தங்கை டீயோடு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். டீ தம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"நாலு வருசமா எனக்காக ஜெபம் பண்ணிக்கினு இருந்தியாமே, சொன்னாங்க."

"ஆமா."

"அம்மாம் நேரம் இருந்திச்சி இல்ல? ஒரு தபா போன் பண்ணியிருக்கலாமே, அண்ணா. எம் பொண்ணுக்கு மூணு வயசாவுது. மாமான்னு ஒருத்தர் கீறாருன்னே அதுக்குத் தெரியாது."

இளக வேண்டியது யார் இருதயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.