வயிற்றுக்குத்து இல்லை

வாழைக்குலையைக் கயிற்றில் தூக்கிக் கட்டியபடியே இராசமலர் கேட்கிறார்: "பிள்ளை, மாதத்துக்கு மாதம் சரியா வருதோ? இடையிலை இரத்தம் ஏதும் படுதோ?" சீனி வாங்க வந்த பெண் தலையைக் குனிகிறாள். பாண் தின்றுகொண்டிருந்த லொறிக்காரர் கோப்பைக்குள் முகத்தைப் புதைக்கிறார். "அவர் கேட்டாக் கேக்கட்டும். அவரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே" என்று முடிச்சை இறுக்குகிறார் இராசமலர்.

கனகராயன்குளத்தில், கண்டி வீதியோரம், கிடுகால் வேய்ந்த தேத்தண்ணிக் கடை அவருடையது. வயது ஐம்பதை நெருங்குகிறது. கேளாமலே தேநீருக்கு இஞ்சி தட்டிப் போடுவார். வேண்டாம் என்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாக. நிற்கிற லொறியின் சில்லைக் காலால் தட்டிப் பார்த்து, காற்றுப் போதாது என்பார்.

சில வருஷங்களுக்கு முன், நின்றுபோன மாதவிடாய் திரும்பியதுபோல் அவருக்கு இரத்தம் பட்டது. "ஆரும் கேட்டா வயித்துக்குத்து எண்டு சொல்லுவம்" என்றார் கணவர் சிற்றம்பலம். "வயித்துக்குத்து எண்டாச் சனம் ஓமத்தண்ணிதான் தரும்" என்று சொல்லிவிட்டு, இராசமலர் தனியே பஸ் ஏறி வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

கருப்பை வாயில் கட்டி. வெட்டியெடுத்த துண்டைச் சோதித்த பிறகு, டாக்டர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த இடத்தில் வழக்கமாக வரும் புற்றுநோய் அல்ல இது. இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் கிளம்பும் வகை. கழுத்திலோ கக்கத்திலோ நெறி கட்டி வரவேண்டியது, அபூர்வமாக இங்கே முளைத்திருக்கிறது என்றார். தானும் இதற்குமுன் கண்டதில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

"இப்ப காணுறியள்தானே ஐயா. செய்யிறதைச் செய்யுங்கோ. நான் ஓடமாட்டன்."

கரண்டு பிடித்தார்கள். கதிர்ச் சிகிச்சையை அவர் அப்படித்தான் சொல்வார். அடிவயிற்றுத் தோல் கறுத்தது. சோற்று மணத்துக்கே ஓங்காளித்தது. "பயமில்லாமலோ? கால் நடுங்கினது. நடுங்கின காலோடைதான் போனனான்." கட்டி கரைந்தது. இன்றைக்கும் தவணை தவறாமல் கொழும்புக்குப் போய்க் காட்டுகிறார். இப்போது பஸ் வரும்வரை சிற்றம்பலமும் கூடவே நிற்கிறார். எங்கே பயணம் என்று கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறார்.

போன கிழமை, கருவாட்டு வியாபாரி மீராசாகிபுவின் மனைவி நபீஸா கடைக் குசினிக்குள் அடுப்படிக்கு வந்து, இரத்தம் படுதோ என்ற அந்தக் கேள்விக்கு மெல்ல "ஓம் அக்கா" என்றாள். "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் சொல்லமாட்டன். டாக்டருக்கு நீ சொல்லு. எனக்கு வந்ததுதான் உனக்கும் எண்டில்லை. ஒண்டுமில்லை எண்டாலும் அதை அவர் பாத்துச் சொல்லட்டும்."

மறுநாள் காலை, கூடப் போக இராசமலரும் காத்திருக்க, வவுனியா பஸ் வந்து நின்றது. நபீஸா முக்காட்டை இழுத்துவிட்டபடி பாலைமரத்தடியில் தயங்கினாள். "ஏறுங்கோ அக்கா, நேரம் போகுது" என்றார் கொண்டக்டர். இராசமலர் ஒரு காலை மிதிபலகையில் வைத்தார். மற்றக் காலை வீதியிலிருந்து எடுக்கவில்லை. சாரதி ஹோர்ன் அடித்தார். இராசமலர் அந்தப் பக்கம் திரும்பிப் பாராமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நபீஸாவை நோக்கி நீட்டியபடி அப்படியே நின்றார்.