அப்பா சாதுவான கதை

எங்கள் அப்பா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்துக் கங்காணி. அவர் ஒரு சத்தம் போட்டால் எதிர்மலையில் கொழுந்தெடுக்கிற பெண்களின் கையும் வேகமெடுக்கும் என்பார்கள். அந்தச் சத்தத்தில் பாதியை மிச்சம் பிடித்து எங்களுக்காக வீட்டுக்குக் கொண்டுவருவார். பால் விடாத சாயத்தண்ணி ஆறியிருந்தால் அது இருந்த தகரப் பேணி பறக்கும். என் சிலேட்டு கீழே விழுந்தால் முதுகு பழுக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு மழைக்காலத்தில் சாதுவாகிப் போனார்.

ஆறிப்போன சாயத்தண்ணியைப் பேசாமல் குடித்தார். விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரமாகியும் எழும்பாமல் கிடந்தார். வெயிலடிக்கிற நாளிலும் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பை விட்டு நகரமாட்டார். குரல் கம்மி, பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. முகம் உப்பியது. நான் மடியில் தலை வைத்தால் தள்ளிவிடாமல் பேன்கூடப் பார்த்தார். பாதியிலே தூங்கியும் போனார். இப்படியே போனால் கங்காணி வேலையை வேறொருத்தருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கணக்கப்பிள்ளை சொல்லியனுப்பினார். எனக்கு வேலையா பெரிது? இதைவிட நல்ல அப்பா எந்தத் தோட்டத்திலும் இல்லை. இவர் இப்படியே இருக்கவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

பெண்டாட்டியைத் திட்டாத ஆணைக் கண்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரே விளக்கம்தான். சோற்றில் மருந்து வைத்துவிட்டாள். தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் அம்மா குடத்தை வைத்ததும் மற்றவர்கள் பேச்சு நிற்கும். எங்கள் வீட்டு ரொட்டியை அடுத்த காம்பரா வீட்டுப் பிள்ளைகள் வாங்க மறுத்தார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, திம்புள்ளையிலிருந்து பஸ் ஏறி வந்து அம்மாவின் மிளகாய்த்தூள் டின்னைக்கூட விடாமல் மோந்து பார்த்தாள்.

"என் தம்பிக்கு என்னடி வச்ச?"

"உப்பும் புளியுந்தான் வச்சேன் மதினி. வேணும்னா நீங்களே ஆக்கிப் போடுங்க."

உண்மையைச் சொன்னால், எல்லாரையும்விட எனக்குத்தான் சந்தேகம் பலம். நான் கண்ணால் கண்டவள் அல்லவா. விடியலில் பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு அடித்ததும் அம்மா எழும்பி, தூங்குகிற அப்பாவின் மூக்கடியில் புறங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அப்புறம்தான் அடுப்பு மூட்டப் போவாள். தினமும் இதே வேலை. வைத்த மருந்து பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என நான் முடிவு கட்டிவிட்டேன். அவளை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. யாராவது வந்து அந்த மருந்தை எடுத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

எடுக்க ஆள் வந்தார். அத்தை அட்டன் பக்கமிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தாள். அவர் பச்சிலைச் சாற்றைப் புகட்டி, வயிற்றை அழுத்தி, அப்பாவை வாந்தியெடுக்க வைத்தார். வாந்தி விழுந்த சாம்பல் தட்டுக்குள் கையை விட்டு, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். அது வந்தது அப்பா வயிற்றிலிருந்தா, வைத்தியர் மடியிலிருந்தா என்று அந்த வயதிலேயே எனக்குச் சந்தேகம். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன், எங்கே திட்டு கிளம்பிவிடுமோ என்று. அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, "குளுருது" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அம்மா விடவில்லை. மறுநாளே அப்பாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதுவரை இருமல் தண்ணி கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த டாக்டரையாவிடம், நல்லாப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நின்றாளாம். அவர் அப்பாவின் கழுத்தைத் தடவி, காலை அழுத்தி, உதிர்ந்துபோன புருவத்தைப் பார்த்து, கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். தொண்டையில் இருக்கிற ஒரு சுரப்பி சோம்பிவிட்டதாம். அதில் ஊறுகிற நீர் குறைந்தால் உடம்பும் ஆறும், புத்தியும் ஆறும், கோபமும் ஆறுமாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த அம்மா, என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

அத்தை நம்பவில்லை. "கோவம் மனுசனோட குணம்டி. அது என்ன, தொண்டையில ஊறுற தண்ணியா?" என்றாள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அத்தை பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்குப் பேன் பார்த்தது அப்பாவா, அவருடைய நோயா?

கண்டியில் கொடுத்த குளிசையை அம்மா தினமும் காலையில் தன் கையாலேயே அப்பாவுக்குக் கொடுத்தாள். அந்தப் போத்தலைக் கண்டாலே எனக்கு ஆகாது. முதலில் ஒரு கம்பளி இறங்கியது, பிறகு மற்றது. முகம் வற்றியது. பெரட்டுக் களத்தில் அப்பாவின் குரல் கேட்க ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம், நான் பயந்தபடியே, பேணி பறந்து சுவரில் மோதியது.

"இது சாயத்தண்ணியா, ஏனங் கழுவுன தண்ணியா?"

நான் மூலையில் ஒடுங்கினேன். அம்மா நசுங்கிய பேணியைப் பொறுக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே பாவி மனுஷி என்று கிட்டப் போய்ப் பார்த்தால், கண்ணில் தண்ணி வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில் நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். தப்பு அடித்தது. அம்மா எழும்பினாள். தூங்குகிற அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூந்தலை முடிந்துகொண்டு அடுப்பு மூட்டப் போனாள். மருந்து முறிந்துபோச்சு, திரும்ப வைக்கவேண்டும் என்கிற கவலைகூட இந்தப் பொம்பளைக்கு இல்லையே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கம்பளியை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை.