நான் செய்யாத வேண்டுதல்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் நான் அட்டெண்டர். ஐந்தாவது வரைதான் படித்தேன். மணி அடிப்பது, பிரின்சிபால் அறையைத் திறந்து துடைப்பது, டீ வாங்கி வருவது என் வேலை. என் மகள் அங்கேயே டிகிரி இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

தேர்தல் நெருங்கிய சமயம். கார்வேட்டிநகரத்துப் பக்கம் எங்கள் ஊரில் என் தகப்பனார் காலமானார். கல்லூரியில் லீவு கேட்டபோது, ஊரில் வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சாவைச் சொன்னால் நான்கு பேர் வந்து விசாரிப்பார்கள், அவர்கள் முன்னால் அழுதுவிடுவேன் என்ற பயம். காரியத்தன்று தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டேன்.

திருப்பதிப் பக்கம் மொட்டைத் தலைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. மலைக்குப் போய்வந்தவன் என்று முடிவு செய்துவிடுவார்கள். வேலைக்குத் திரும்பியதும் பிரின்சிபால் தெலுங்கில், "தரிசனம் நல்லா ஆச்சா?" என்றார். நான் பதில் தேடுவதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. பெரிய பக்தர், ஒரு கட்சிக்காரரும்கூட. இரண்டையும் மறைக்கமாட்டார். சனிக்கிழமை காலையில் எல்லா மாணவர்களையும் மைதானத்தில் நிற்கவைத்துப் பேசுவார். கோவிந்தா போடவைத்து ஆரம்பிப்பார், கட்சித் தலைவரைப் புகழ்ந்து முடிப்பார். மார்க்கு அவர் கையில் இருப்பதால், சாமி கும்பிடாத பிள்ளைகளும் வேறு சாமி கும்பிடுகிற பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள்.

அந்தச் சனிக்கிழமை என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

"இவரைப் பாருங்க. அஞ்சாவது படிச்சவர். நம்ம தலைவர் ஜெயிக்கணும்னு ஏழுமலையானுக்கு முடி கொடுத்துட்டு வந்திருக்கார். டிகிரி படிக்கிற நீங்க என்ன கொடுக்கப்போறீங்க? ஓட்டாவது கொடுங்க!"

கட்சித் துண்டை என் தோளில் போட்டார். கைதட்டல் எழுந்தது. என் கைகள் தாமாகச் சேர்ந்து கும்பிட்டன. கூட்டத்தில் என் மகளைத் தேடினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியதும் வாட்ச்மேன் கேட்டான்: "இன்னா சாமி, உன் முடிக்கு எத்தினி ஓட்டு வரும்? இருந்ததே கொஞ்சம்தான்!"

எங்கள் வழக்கத்தில் தகப்பன் செத்தால் ஒரு வருடம் மலை ஏறக்கூடாது. எங்கள் ஊர்ப் பையன்களும் அந்த மைதானத்தில் இருந்தார்கள். சாயங்காலமே ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"நைனாவ எரிச்ச சூடு ஆறல. அதுக்குள்ள அவருக்குப் போட்ட மொட்டையக் கட்சிக்குன்னு சொல்லிக்கினு மலை ஏறிட்டியாமே?"

"இல்லக்கா. நான் போவல."

"காலேஜ் பெரியவரே மைக்குல சொன்னாராம். அவரு பொய் சொல்வாரா?" வைத்துவிட்டாள்.

வீட்டில் மகள் கேட்டாள்: "எங்க அப்பா செத்துட்டாரு சார்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா நைனா?" அதன்பிறகு கல்லூரி வராண்டாவில் எதிரில் வந்தாலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.

அதைத் தாங்கமுடியாமல்தான் பிரின்சிபால் அறைக்குள் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "வர்ற சனிக்கிழமை மைக்குல மாத்திச் சொல்லிடுங்க சார்" என்றேன். கையை விட்டுவிட்டார்.

"அது எப்படிப்பா? தேர்தல் நேரம். எதிர்க்கட்சிக்காரன் இதையே பிடிச்சுக்குவான். சாமிக்குத் தெரியும் இல்ல, அது போதும். போ, ரெண்டு டீ கொண்டா. ஒண்ணு உனக்கு."

இரண்டு டீயையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அந்தச் சனிக்கிழமை அவர் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். நான் சொன்னால் அக்கா நம்பமாட்டாள். வழியெல்லாம் மகள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டில் அவள்தான் பேசினாள்.

"நைனா மலைக்குப் போவல அத்த. அந்த சாரு தானா சொல்லிட்டாரு. நான் அங்கதான் இருந்தேன்."

அக்கா நம்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "போவாதவன் எதுக்குடா துண்ட வாங்கிக்கினு கும்பிட்டுக்கினு நின்ன?"

நான் வாயைத் திறந்தேன்.

"அவருக்கு பயம் அத்த" என்றாள் மகள்.

கூச்சம் என்று சொல்லுவாள் என எதிர்பார்த்திருந்தேன். அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. தட்டை வைத்துச் சோறு போட்டு, "துன்னு" என்றாள். அவர்கள் இருவரும் பார்க்க, குனிந்தபடியே தின்றேன்.